வீட்டிற்கேற்ற 'நாஸ்' பெட்டி

பெங்களூர்ப் பேட்டைப் பகுதியில் எஸ். பி. ரோடு என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலையில் கணினி உறுப்புகள் விற்கும் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. களப்பணியில் எடுத்த படங்களையும், வகுப்பிற்கெனத் தயாரித்த பாடங்களையும் ஓரிடத்தில் சேமித்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் கைபேசிகளும் எடுத்தாளும்படி செய்ய விரும்புவோர் அங்கு நாடும் சாதனம் 'நாஸ்' பெட்டியாகும். ஹார்டு டிஸ்குகளைத் தாங்கி, ரூட்டருடன் கம்பியால் இணைக்கப்பட்டு, இரவும் பகலும் இயங்கும் சிறு கணினியே அது.

ஆயத்தப் பெட்டியை வாங்கலாம். அன்றிப் பழைய கணினியொன்றில் ஓப்பன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவியும் அமைத்துக் கொள்ளலாம். பின்னது மலிவாகத் தோன்றும். ஆனால் 60 வாட் இழுக்கும் பழைய கணினி ஓராண்டு ஓயாது இயங்கினால் ஏறத்தாழ 525 யூனிட் மின்சாரம் செலவாகும். 20 வாட் பெட்டிக்கு 175 யூனிட் போதும். யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால், வேற்றுமை ஆண்டிற்கு 2,100 ரூபாய்.

ரூட்டரின் வேகத்தையும் நோக்குதல் வேண்டும். 100 மெகாபிட் துளையுள்ள பழைய ரூட்டரில் 100 ஜிகாபைட்டைப் பெயர்த்தெழுத இரண்டரை மணி நேரம் பிடிக்கும். 1000 மெகாபிட் ஆயின் கால் மணி நேரத்தில் முடியலாம்.

பலரும் தவறாக உணர்வது இரட்டை டிஸ்க் பற்றியதாகும். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கட்டுரையொன்று 'ரெய்டு' என்னும் பெயரை நிலைநாட்டியது. அதன் எளிய வகையில் ஒரு டிஸ்கில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும்; ஒன்று பழுதுற்றாலும் வேலை நிற்பதில்லை. ஆயினும் இது காப்புப் பிரதி ஆகாது. ஆசிரியர் ஒருவர் கைதவறி ஓராண்டுப் பாடங்களை அழித்துவிட்டால், அவ்வழிவும் அதே கணத்தில் இரண்டாவது டிஸ்கில் பிரதியாகிவிடும். இடி, திருட்டு, தீ ஆகியவை இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். எனவே இரண்டு டிஸ்குகளுக்கே பணமிருப்பின், ஒன்றைப் பெட்டியிலும், மற்றதைப் பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வைப்பதே மேல். கடைக்காரர் இதனை ஒப்பாமற் போகலாம்.

டிஸ்கின் வகையும் முக்கியம். சிலவற்றில் பதிவுத் தடங்கள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும். ஓர் ஓட்டை மாற்ற அடுத்தவற்றையும் பெயர்க்க நேர்வதுபோல, ஒரு தடத்தைத் திருத்த அடுத்த தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். பழுதான டிஸ்கிற்குப் பதில் புதியதை வைத்து முழுதும் நிரப்புகையில் இவ்வகை மிகவும் தாமதிக்கும். நாஸ் பெட்டிக்கென விற்கப்பட்ட தன் 'ரெட்' டிஸ்குகள் சில இவ்வகையினவே என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020-இல் ஒப்புக்கொண்டது. ஆகவே பெட்டியின் பெயரை நம்பாது, 'சி. எம். ஆர்.' என்னும் குறிப்பு விவரப் பட்டியலில் உள்ளதா எனப் பார்த்து வாங்குக.

மின்தடை நேரும் வீடுகளில் சிறு யு. பி. எஸ். இன்றியமையாதது. எழுதும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும்.

வெளியூரிலிருந்து படங்களைக் காணும் ஆசையால் பெட்டியை நேரே இணையத்திற்குத் திறந்துவிடுவோர் உண்டு. 2022-இல் 'டெட்போல்ட்' என்னும் தீநிரல் அவ்வாறு திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளுட் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பெட்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்த டிஸ்கை அத்தகைய நிரல் எட்டுவதில்லை.