அம்மாவின் ஸ்வெட்டர் ஊட்டிக்குப் போனது!

வேலூரில் வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் ஊரில் வெயில் அடிக்காது ஸார், உதைக்கும்! 'தண்ணியில்லாத ஆறு' என்று பாலாற்றைக் கேலி பேசுகிறார்களே, அது ஆற்றின் குற்றமா? அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி டாங்க் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து, டிகாஷன் போட்டுவிடலாம் போல இருக்கும்.

2025-ல் மார்ச் மாதமே நாக்கு தள்ளிவிட்டது. ஒருநாள் காலை அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "டேய், இந்த மே மாசம் ஊட்டிக்குப் போலாமாடா?" என்றார்.

வீட்டில் மிக்ஸி சத்தம் நின்றது. என் மனைவி கிச்சனிலிருந்து எட்டிப் பார்த்தாள். காரணம், அம்மா போனபிறகு மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் 'ஊட்டி' என்ற வார்த்தையையே எடுத்ததில்லை.

1982-ல் 'மூன்றாம் பிறை' வந்தபோது, கேத்தி ஸ்டேஷனில் எடுத்த அந்தக் கடைசி சீனைப் பார்த்து தியேட்டரே மூக்கைச் சிந்தியதாம். அம்மா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, "என்னங்க, அந்த ரயில்ல ஒரு தடவை போகணுங்க" என்றாளாம். அப்பா சொன்ன பதில், "அடுத்த மே மாசம் கண்டிப்பா!"

தனியார் கம்பெனியில் கணக்கு எழுதியவர் அப்பா. அடுத்த மே மாசம் என் ஸ்கூல் ஃபீஸ் வந்தது. அதற்கடுத்த மே, பாட்டிக்கு ஆபரேஷன். பிறகு அக்கா கல்யாணம். இதற்கு நடுவில் 1995-ல், பிளாட்பாரத்தில் கடை போட்டிருந்த திபெத்திக்காரரிடம் பேரம் பேசி மெரூன் கலரில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். "ஊட்டிக்குப் போறப்ப போட்டுக்க." வேலூரில் ஸ்வெட்டர்! அம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை. ரசகற்பூர உருண்டையோடு பீரோவில் வைத்துவிட்டாள். நான் பி.காம். படித்தவன். முப்பது வருஷம் உபயோகத்துக்கே வராத சொத்து, தேய்மானம் போட்டுப் பார்த்தால் மதிப்பு பூஜ்யம். ஆனால் அப்பாவின் பேரேட்டில் அது வேறு தலைப்பில் இருந்திருக்கிறது.

காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். அப்பா மடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே மெரூன் கலர் தெரிந்தது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழேகாலுக்கு முன்பே மலை ரயில் கிளம்பிவிடுகிறது. அதற்குள் அந்தச் சின்ன பிளாட்பாரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம்! 1899-ல் குன்னூர் வரை போட்ட பாதை இது. ஊட்டிக்கு நீட்டியது 1908-ல். நாற்பத்தாறு கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது. இன்ஜின் நம்மை முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பம். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற்றம்! வேகம்? சைக்கிள்காரன் 'வரேன் ஸார்' என்று கையாட்டிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு குகையிலும் பெட்டி முழுக்க 'ஓ...' என்று கத்துகிறது. என் ஆறு வயது மகளைவிட எதிர்சீட் ரிட்டயர்டு மனிதர்தான் அதிகம் கத்தினார்.

ஹில்குரோவ் ஸ்டேஷன். இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. நாங்களும் இறங்கி டீ குடித்தோம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு தடிக்குரங்கு... பையோடு பறந்துவிட்டது!

நாற்காலியிலிருந்து எழவே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிற என் அப்பா, எழுபது வயதில் தண்டவாளத்தைத் தாண்டி ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "டேய்! டேய்! அதை விட்ருடா!" என்று குரங்கைப் பார்த்துக் கத்துகிறார். குரல் உடைந்துவிட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். குரங்கு தடுப்புச்சுவரில் சாவகாசமாக உட்கார்ந்து பையைக் குடைந்தது. ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்தது. ரசகற்பூரம்! மூஞ்சியைச் சுளித்து வீசி எறிந்துவிட்டு, அடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தோடு மரம் ஏறிவிட்டது. பள்ளத்துக்கும் ஸ்வெட்டருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

அப்பா அதை உதறி மார்போடு வைத்துக்கொண்டார். குன்னூர் வரை பேசவே இல்லை.

ஊட்டி! 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைமேல் ஏறி வந்தார். குளிர் அவருக்குப் பிடித்துப்போய், 1822-ல் இங்கே கல் வீடு கட்டினார். ஏரி வெட்டினார். அப்புறம் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுமாம். கவர்னருக்குக் குளுகுளு, சரி. ஃபைலைச் சுமந்த குமாஸ்தா பாட்டை யார் எழுதி வைத்தார்கள்?

இப்போது நாம் எல்லோருமே கவர்னர்கள்தான். அதனால்தான் 2024 மே மாதம் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளைக்கு 6,000 வண்டி, சனி-ஞாயிறில் 8,000 என்று ஐகோர்ட்டே கணக்குப் போட்டது. அப்படியும் சேரிங்கிராஸில் ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. லாட்ஜ்காரர் சொன்ன வாடகைக்கு வேலூரில் ஒரு ஏ.சி.யே வாங்கிவிடலாம்! ஒரு கடையில் மின்விசிறி விற்பதைப் பார்த்துத் திகைத்தேன். 2024 ஏப்ரல் 29-ல் இங்கேயே 29 டிகிரி அடித்ததாம். வெயிலுக்குத் தப்பி ஓடி வருகிறவர்கள், அதையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மறுநாள் புனித ஸ்டீபன் சர்ச். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை உத்திரங்கள் தாங்கி நிற்கிற கட்டடம். பின்பக்கம் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவரோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1855-ல் அங்கேயே இறந்துபோனார். இதை அப்பாவிடம் சொன்னேன்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "அவனாவது கூட்டிக்கிட்டு வந்தான்டா" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பி.காமில் இதெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மகளுக்குப் பல் கிட்டியது. அவளுடைய ஸ்வெட்டரோ லாட்ஜில்! என் மனைவி என்னை முறைக்க ஆரம்பிக்கும்போதே அப்பா மஞ்சப்பையைப் பிரித்துவிட்டார். "மாமா, அது அத்தையோட..." என்று இழுத்தாள் மனைவி. "அதனால என்னம்மா? குழந்தை நடுங்குது பாரு" என்று பேத்திக்கு மாட்டிவிட்டார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையை மூன்று மடிப்பு மடித்தார்.

"தாத்தா, நாத்தம் அடிக்குது!"

"அது ஒண்ணுமில்ல கண்ணு. குரங்கு வராது."

விலைவாசி, கூட்டம், ஹாரன் எல்லாம் போக, அந்த இரண்டு நாளும் அவள் அதைக் கழற்றவே இல்லை. வர்க்கியைத் தின்று அதிலேயே துடைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

காட்பாடியில் விடிகாலை இறங்கினோம். அந்நேரத்துக்கே வேர்த்தது. ஆட்டோவில் மனைவி, "என்னங்க, அடுத்த வருஷம் கொடைக்கானல் போலாமா?" என்றாள்.

"அடுத்த மே மாசம் கண்..." என்று வாயெடுத்தேன்.

முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

செல்போனை எடுத்து காலண்டரைத் திறந்தேன்.