உங்கள் ஷிப்டில் முதலுதவி தெரிந்தவர் யார்?

மலையேறுபவர்களுக்கென்று தனி முதலுதவிப் பயிற்சி பல நாடுகளில் நடக்கிறது. அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமா? ஆகுமென்றால் சாதாரண முதலுதவி போதாது, இந்தப் பாடம் தேவை. அவர்கள் போடும் கணக்கு அவ்வளவுதான். மரம், மலை, யானை எதுவும் அதில் வருவதில்லை. அந்தக் கணக்குப்படி, சென்னைக்கு வடக்கே உள்ள நம் எண்ணூர், மீஞ்சூர் வட்டாரத்துக்கும் இந்தப் பாடம் தேவை. வல்லூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஒரு சாயங்காலம், அத்திப்பட்டில் சாரத்திலிருந்து விழுந்தவரைச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும் என்பது இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வடமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. இப்படிப்பட்ட நேரங்களில் 108 வண்டி வருவதற்கு முன்னால் அங்கே இருப்பவர் சக தொழிலாளியோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

சட்டம் இதை முதலாளியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது. பெட்டியோடு அது நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பும் வேலை நேரம் முழுக்கக் கைக்கு எட்டும்படி முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்கிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்கிறது.

நடைமுறையில் பெட்டி சுவரில் இருக்கும், பூட்டியிருக்கும். சாவி பொது ஷிப்ட் சூப்பர்வைசரிடம், அவர் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். திறந்து பார்த்தால் தேதி முடிந்த களிம்பு, காய்ந்துபோன டெட்டால், யாரோ சொந்தச் செலவில் வாங்கிவைத்த தலைவலி மாத்திரை. தணிக்கைக்கு வருகிறவர்கள் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரவு ஷிப்டில் அதைத் திறக்கத் தெரிந்தவர் பெயர் என்ன என்று தொழிலாளிதான் கேட்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சமிருந்தால் முதலாளிக்குச் சொல்லும்போதே ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

இனி, இந்தப் பயிற்சியைக் கொடுப்பவராக ஆக நினைக்கும் இளைஞர்களுக்கு. இந்தப் பக்கத்தில் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் 'மாஸ்டர் டிரெய்னர்' என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நியாயமான பாதை நீளமானது. முதலில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பில் முதலுதவிச் சான்றிதழ். பிறகு உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி. அதற்கு அமெரிக்க இதய சங்கம் தரும் அட்டை 2 ஆண்டுதான் செல்லும். அதில் பயிற்றுநராக வேண்டுமென்றால் அட்டை இருக்க வேண்டும், பயிற்றுநர் வகுப்பு முடிக்க வேண்டும், ஒருவர் மேற்பார்வை பார்க்க வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். அதன்பின் 2 ஆண்டுக்கு 4 வகுப்பாவது எடுத்தால்தான் தகுதி நிலைக்கும். முதலில் சொன்ன மலையேறுபவர்களுக்கான காட்டுப்புற முதலுதவியில் தொடக்க வகுப்பே 16 மணி நேரம், மேல்நிலை வகுப்பு 70 மணி நேரத்தைத் தாண்டும். முசூரியில் உட்ஸ்டாக் பள்ளியின் ஹனிஃபல் மையத்தில் இவை நடந்திருக்கின்றன. செலவு அதிகம்தான். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேரை இழந்த மாநிலத்தில் இதற்கு அரசே உதவித்தொகை கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஒரு டிரெய்னர் தேறுவாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெஞ்சை அமுக்கிப் பழக அவர் எத்தனை பொம்மை கொண்டுவருகிறார் என்று பாருங்கள். முப்பது பேருக்கு ஒரே பொம்மை, மீதி நேரம் திரையில் படம் என்றால் அது பயிற்சி இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல் என்று வாயால் சொல்ல யாராலும் முடியும். ஒவ்வொருவரும் பொம்மையின் நெஞ்சில் இரண்டு நிமிடம் முழுக்க அமுக்கி, தோள் வலித்து, வேகம் எங்கே தளர்கிறது என்று தானே உணர வேண்டும். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு மேலே எழும்ப விடாமல் பாதியிலேயே அடுத்ததை அமுக்கும் கையை நல்ல டிரெய்னர் பிடித்து நிறுத்துவார்.

இந்த ஊருக்கென்றே சில பாடங்களும் உண்டு. தொட்டிக்குள் மயங்கிக் கிடப்பவரைப் பார்த்ததும் இறங்கக் கூடாது. உள்ளே காற்றைச் சோதிக்காமல் இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அங்கேயே விழுவார்கள். மின்சாரம் பிடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். அமோனியா என்றால் காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் இந்தியிலும் சொல்லத் தெரிந்த ஆள் தேவை. சாரத்தில் நிற்பவர்கள் அசாம், பீகார், ஒடிசாக்காரர்கள். மீஞ்சூர்க்காரர் ஒருவர் இந்தியில் பாடம் எடுத்தால், வெளியூரிலிருந்து வரும் ஆங்கில டிரெய்னரைவிட அவருக்குத்தான் மதிப்பு அதிகம்.

எந்த டிரெய்னரும் சொல்லிக்கொடுக்காத ஒன்று, எழுதுவது. ஈ.எஸ்.ஐ. விதிப்படி கம்பெனியில் விபத்துப் புத்தகம் இருக்க வேண்டும். கட்டுப்போட்ட கையோடு நேரம், இடம், என்ன வேலையில் இருந்தார், பார்த்தவர் யார் என்று அதில் பதிய வைக்க வேண்டும். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று மருத்துவமனைச் சீட்டில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம். வேலையில் ஏற்பட்ட காயம் என்று நிலைத்தால்தான் தற்காலிக ஊனக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பிருந்தால், கணக்கில் வரும். ஈ.எஸ்.ஐ.க்குள் வராதவர்கள் தொழிலாளர் இழப்பீடு கோரலாம். விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் முதன்மை முதலாளியிடம் கேட்க வழி இருக்கிறது.

உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் பழையது. சாலை விபத்தில் பலன் எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை இல்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு சொல்கிறது. இந்தக் காப்பு சாலைக்கு மட்டும். தொழிற்சாலைக்குள் பாரதிய நியாய சம்ஹிதையின் 30ஆம் பிரிவு, சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குக் காப்பளிக்கிறது. அடிபட்டவரைப் போலீஸ் கேஸ் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை.

பயிற்றுநருக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. 'எமர்ஜென்சி மெடிசின்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டு ஊசி போடவும் தையல் போடவும் கற்றுக்கொடுக்கக் கூடாது. பதிவுபெறாமல் மருத்துவம் பார்த்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தத் துறையில் ஆழமாகப் போக விரும்புபவர் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விபத்து, அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் படிக்கலாம்.

போலிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.