குளவிக்குக் காப்புரிமை உண்டா?

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. 'சமூக மாற்றமும் புத்தாக்கமும்' என்ற தலைப்பில் பேச்சரங்கம், ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம். செயலி உருவாக்கியவர், தொழில் தொடங்கியவர், தொண்டு நிறுவனம் நடத்துபவர் என்று பேசுவோர் பட்டியல் நீளமாக இருந்தது. உழவர் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். "நான் எழுதுறவன்தான். பாடுபடுறவரையே கூட்டிட்டு வர்றேன், அவர் பேசட்டும்" என்றேன். சரி என்றார்கள்.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்து உழவர் ஒருவரைக் கூட்டிப் போனேன். மரவள்ளி போடுகிறவர், வீட்டுக்குக் கொஞ்சம் சாமையும் விதைக்கிறவர். மலை இறங்கி, கோமுகி அணை தாண்டி, கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை அவருக்கு ஒரே கவலைதான்.

"நான் என்னத்தைங்க புதுசா கண்டுபிடிச்சேன்? அங்க போயி எதைப் பேசுறது?"

"மாவுப்பூச்சி வந்தப்ப உங்க ஊர்ல என்ன செஞ்சீங்களோ, அதைச் சொல்லுங்க. போதும்" என்றேன்.

வெள்ளையாய் வந்த வினை

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளி எவ்வளவு பெரிய பயிர் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேகோ ஆலைகள் இருக்கின்றன. கிழங்கில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்து விலை போடுகிறார்கள். சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு ஜவ்வரிசியை விற்றுக் கொடுக்கிறது. காசு வருகிற பயிர் என்பதால் மலை மேலும் மரவள்ளி ஏறியது. சாமையும் கேழ்வரகும் சுருங்கின.

2020-ல் கேரளத்தின் திருச்சூரில் ஒரு புதிய மாவுப்பூச்சியைக் கண்டார்கள். நம் நாட்டில் அதுவரை இல்லாதது. மரவள்ளியையே குறிவைத்துத் தாக்குவது. அடுத்து நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. கொழுந்தில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை சுருண்டு, கணு நெருங்கி, நுனி முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாகிவிடும். இந்தப் பூச்சியில் ஆணே தேவையில்லை. பெண் மட்டுமே பெருக்கிக்கொண்டு போகும்.

மேடையில் நம்மவர் இங்கிருந்துதான் தொடங்கினார்.

"மொத வருஷம் நாலு தடவை மருந்தடிச்சேங்க. அடிச்ச பத்து நாளைக்கு நல்லா இருக்கும். அப்பறம் முன்னைவிட ஜாஸ்தியா வரும். மருந்து கடன்ல வாங்குனது. கிழங்கு வித்த காசு அப்படியே கடைக்குப் போயிடுச்சு."

ஏன் ஜாஸ்தியாக வந்தது? பூச்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. சுருண்ட கொழுந்துக்குள் அது ஒளிந்தும் இருக்கிறது. மருந்து அதன்மேல் சரியாகப் படுவதில்லை. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு மேலும் கண்ணாடி இறக்கைப் பூச்சி மேலும் நன்றாகவே படுகிறது. காவல்காரனைக் கொன்றுவிட்டால் திருடனுக்கு என்ன தடை?

பராகுவேயிலிருந்து ஏத்தாப்பூர் வரை

இந்த மாவுப்பூச்சிக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அங்கே கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளிதான் சோறு. பூச்சி பிறந்த ஊரில் அதற்கு எதிரி இருக்கத்தானே வேண்டும் என்று தேடினார்கள். 1981-ல் பராகுவேயில் ஒரு சின்னஞ்சிறு குளவி கிடைத்தது. பெயர் அனாகைரஸ் லோபெசி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். பூச்சி காய்ந்து பழுப்பாகிவிடும். அதை ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். மனிதரைக் கொட்டாது, பயிரைத் தொடாது. நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பலவற்றில் இதை விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிறகு தாய்லாந்துக்கும் இதே குளவி போய் மரவள்ளியைக் காத்தது.

நம் ஊருக்கு எப்படி வந்தது? பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமையம் 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதை வரவழைத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், உழவர்கள் பார்க்க முதன்முதலாக வயலில் விட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் ஏத்தாப்பூர் பக்கத்து ஊர்தான்.

பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? 2008-ல் கோவையில் முதலில் தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் பிடித்தது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஆக, இது நமக்குப் பழகிய வழிதான்.

குளவி வந்தும் போதவில்லை

கதை இதோடு முடிந்திருந்தால் பேச்சரங்கில் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நம்மவர் முடிக்கவில்லை.

"டப்பாவுல கொண்டாந்து என் காட்டுல விட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் மறுநாளே மருந்தடிச்சார். அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அவரும் கடன்காரர். குளவிக்கு வரப்பு தெரியுமா? அங்க போச்சு, செத்துச்சு."

அப்புறம்தான் ஊரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்தை நிறுத்தினால்தான் குளவி நிற்கும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் முதலில் நிறுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. குளவி பெருக நாளாகும். அதற்குள் பயிர் போய்விட்டால்?

"ஒரு அம்மாதான் சொன்னாங்க. 'யாருக்கு நட்டம் வருதோ அவங்களுக்கு மத்தவங்க ஆளுக்கு ஒரு மூட்டை கிழங்கு தரலாமே'ன்னு. அதுக்கப்பறம்தான் சரின்னாங்க."

"கடைசியில கொடுத்தீங்களா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ரெண்டு பேருக்குக் கொடுத்தோம். ஒருத்தர் வாங்க மாட்டேன்னார். விடல, வீட்டு வாசல்ல எறக்கி வச்சிட்டு வந்துட்டோம். அடுத்த வருஷமும் மருந்தடிக்காம இருக்கணுமில்ல?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. இந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆட்சி. அந்த நிலைமை போனபிறகும் கடன் வேறு உருவத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்துக் கடனும் அதில் ஒன்று. அதிலிருந்து வெளியே வர அவர்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றிருக்கிறார்கள். குளவி வந்தது புத்தாக்கம் என்றால், அந்த மூட்டைக் கிழங்குதான் சமூக மாற்றம். ஒன்று இல்லாமல் இன்னொன்று வேலை செய்திருக்காது.

மாணவி கேட்ட கேள்வி

"ஐயா, இந்தக் குளவிக்குக் காப்புரிமை இருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா. ஆனா ஒருதரம் வந்து நின்னுட்டா அதுவே பெருகிக்குது. மறுபடி போயி வாங்க வேண்டியதில்ல."

பதில் அதிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்ப வாங்க வேண்டாத பொருளை எந்தக் கடைக்காரரும் பரிந்துரைக்க மாட்டார். அதற்கு விளம்பரமும் வராது. அதனால்தான் இப்படிப்பட்ட வேலைகளைப் பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அவற்றை நாம் குறை சொல்வதுண்டு. பல நேரம் நியாயத்தோடுதான் சொல்கிறோம். நல்லது செய்யும்போது அதையும் சொல்வோம். பசுமைப் புரட்சியின் இடுபொருள்களைக் கொண்டுவந்த அதே பல்கலைக்கழகத்தின் நிலையத்திலிருந்துதான் இந்தக் குளவியும் பறந்தது.

இன்னொரு மாணவர், "மரவள்ளியே வேண்டாம்னு சாமைக்குத் திரும்பலாமே?" என்றார்.

"திரும்பலாம் தம்பி. யாரு குத்துறது? எங்க வீட்டுப் பொம்பளைங்க உரல்ல குத்தித்தான் ஆகணும். நெல்லு மில்லுல சாமையைப் போட்டா நொறுங்கிப் போவுது. அதுக்கு ஒரு மிஷினு எங்க ஊருக்குள்ள வேணும். நீங்க படிக்கிறவங்க, அதைப் பாருங்க."

சிறுதானியத்துக்கான உமி நீக்கும் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே உருவாக்கியிருக்கிறது. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள் அரவை இயந்திரம் வைத்து, பெண்களின் குத்தும் வேலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. அது ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு ஊருக்கும் வந்து சேர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மரவள்ளி போடும் நம் உழவர்கள் கவனிக்க:

1. விதைக்குச்சி வழியாகத்தான் பூச்சி ஊர் விட்டு ஊர் போகிறது. பூச்சி கண்ட காட்டிலிருந்து குச்சி எடுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

2. கொழுந்தைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் காய்ந்து உப்பிய மாவுப்பூச்சி தெரிந்தால் உங்கள் காட்டில் குளவி இருக்கிறது. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடாதீர்கள்.

3. குளவி இருக்கும் காட்டில் எந்த நஞ்சும் அடிக்க வேண்டாம். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் பேசுங்கள்.

4. உளுந்து, தட்டைப்பயறு மாதிரி ஊடுபயிர் போடுங்கள். பூ இருந்தால் குளவிக்குத் தேன் கிடைக்கும். மரவள்ளி மட்டுமே நிற்கும் காட்டைவிட அது நல்லது.

5. குளவி தேவைப்பட்டால் ஏத்தாப்பூர் நிலையத்தையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ கேளுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் பேசவே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டியதும் கேட்டார்: "அந்தப் பாப்பா மிஷினு விஷயத்தை நோட்டுல எழுதிக்கிச்சுங்க. வருவாங்களா?"

அந்த மாணவியின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். சாமை அறுவடையின்போது மாணவர்களை மலைக்கு அனுப்புங்கள், ஒரு நாள் உரலில் குத்திப் பார்க்கட்டும், பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதழில் தெரிவிக்கிறேன்.