அணியிலிருந்து சரத்திற்கு: ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் மாற்றத்தைச் சோதிக்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரல்களில் பல தரவுகளை ஒருங்கே வைத்திருக்கும் அமைப்பு அணி எனப்படும். எழுத்துகளின் தொடர் சரம் எனப்படும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி, நிரலாளர் கேளாமலே பல இடங்களில் அணியைச் சரமாக மாற்றிவிடுகிறது. அம்மாற்றத்தில் எவை இழக்கப்படுகின்றன என்பதையும், அவ்விழப்பைச் சோதனைகளின் வழியே கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. சரமாக மாற்றி ஒப்பிடும் சோதனை, தான் கண்டறிய வேண்டிய பிழையையே மறைத்துவிடும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அணி, சரம், ஜாவாஸ்கிரிப்ட், பிரிப்பான், மீள்மாற்றச் சோதனை, பாடவேறுபாடு

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, பாடவேறுபாட்டு அட்டவணை போன்றவற்றை இன்று ஆய்வாளர்கள் சிறு நிரல்களின் துணையோடு உருவாக்குகின்றனர். இணைய உலாவியிலேயே இயங்குவதால் இப்பணிக்கு ஜாவாஸ்கிரிப்ட் எளிதில் கைகொடுக்கிறது. பிரண்டன் ஐக் என்பவரால் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இம்மொழி, 1997இல் எக்மா 262 என்னும் தரநிலையைப் பெற்றது. அணியைச் சரமாக மாற்றும் விதியும் அத்தரநிலையில் வரையறுக்கப்பட்டுள்ளது. விதி எளிது, அதன் விளைவுகளோ எளிதில் புலப்படுவன அல்ல.

மாற்ற விதி

ஓர் அணியைச் சரமாக்கும்போது ‘டுஸ்ட்ரிங்’ என்னும் செயற்கூறு அழைக்கப்படுகிறது. அது ‘ஜாயின்’ என்னும் மற்றொரு செயற்கூற்றிடம் பணியை ஒப்படைக்கிறது. ‘ஜாயின்’ ஒவ்வோர் உறுப்பையும் சரமாக்கி, இடையில் ஒரு காற்புள்ளியை இட்டு இணைக்கிறது. ‘நல்’, ‘அன்டிஃபைன்ட்’ ஆகிய இரு வெறுமை மதிப்புகளும் வெற்றுச் சரமாகக் கொள்ளப்படுகின்றன. அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ விடையில் இடம்பெறுவதில்லை. காற்புள்ளிக்குப்பின் இடைவெளியும் விடப்படுவதில்லை.

அடிப்படைச் சோதனைகள்

மேற்கண்ட விதியைக் கீழ்வரும் ஐந்து உள்ளீடுகளைக் கொண்டு சோதிக்கலாம்.

1. எளிய அணி: ["குறிஞ்சி", "முல்லை", "மருதம்"] என்பது "குறிஞ்சி,முல்லை,மருதம்" எனும் சரமாகிறது. எதிர்பார்த்த விடையே கிடைக்கிறது. பெரும்பாலோர் சோதனையை இத்துடன் நிறுத்திவிடுகின்றனர்.

2. உறுப்பினுள் காற்புள்ளி: ["நெய்தல்,பாலை"] என்பது ஓர் உறுப்புடைய அணி, ["நெய்தல்", "பாலை"] என்பது ஈருறுப்பு அணி. இரண்டும் "நெய்தல்,பாலை" என்ற ஒரே சரமாகின்றன.

3. அணிக்குள் அணி: [["குறிஞ்சி", "முல்லை"], ["மருதம்"]] என்னும் அணி, முதற் சோதனையில் கிடைத்த அதே சரத்தைத் தருகிறது. உள்ளணிகளின் எல்லைகள் மறைந்துவிடுகின்றன.

4. வெறுமை: [], [""], [நல்], [[]] ஆகிய நான்கும் வெற்றுச் சரமாகின்றன. ["அ", நல், "இ"] என்பது "அ,,இ" ஆகிறது. இதில் ஒரு முரணும் உண்டு. அணிக்குள் இருக்கும் ‘நல்’ வெற்றிடமாகிறது. தனித்து நிற்கும் ‘நல்’லை ஒரு சரத்தோடு கூட்டினாலோ அச்சொல்லின் எழுத்துகளே விடையில் இடம்பெறும்.

5. எண்ணும் எண்ணுருவும்: [1, 2] என்னும் எண்களின் அணியும் ["1", "2"] என்னும் சரங்களின் அணியும் ஒரே விடையான "1,2" என்பதையே தருகின்றன.

வேறுபட்ட பல உள்ளீடுகள் ஒரே வெளியீட்டில் சென்று முடிவதை இச்சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே சரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூல அணியை மீட்டெடுப்பது பொதுவாக இயலாது. காற்புள்ளியை வைத்து மீண்டும் பிரிக்கும் ‘ஸ்ப்ளிட்’ செயற்கூறும் இங்கு உதவாது. வெற்றுச் சரத்தை அவ்வாறு பிரித்தால் வெற்றணி கிடைப்பதில்லை. வெற்றுச் சரத்தை உறுப்பாகக் கொண்ட ஓருறுப்பு அணியே கிடைக்கிறது.

அறியாமல் நிகழும் மாற்றங்கள்

நிரலாளர் வெளிப்படையாகக் கேட்கும்போது நிகழும் மாற்றத்தைவிட, கேளாமல் நிகழும் மாற்றமே இடர் மிக்கது. அது நான்கு இடங்களில் மிகுதியாக நிகழ்கிறது.

முதலாவது, கூட்டற்குறி. [1, 2] + [3] என்பது மூவுறுப்பு அணியைத் தருவதில்லை. "1,23" என்னும் சரத்தையே தருகிறது. இரண்டாவது, இரட்டைச் சமக்குறி. [1, 2] == "1,2" என்னும் ஒப்பீடு உண்மை எனக் கொள்ளப்படுகிறது. மூன்றாவது, இயல்பான வரிசையாக்கம். ஒப்பீட்டு முறை எதுவும் தரப்படாதபோது ‘சார்ட்’ செயற்கூறு உறுப்புகளைச் சரங்களாகக் கருதியே வரிசைப்படுத்தும். எனவே 9, 10, 100 என்னும் பாடல் எண்கள் 10, 100, 9 என அமையும். நான்காவது, பொருளின் திறவுகோல். ஓர் அணியைத் திறவுகோலாகக் கொடுத்தால், அதன் சரவடிவமே திறவுகோலாகப் பதிவாகும்.

சொற்சேர்க்கைகளின் வருகையெண்ணிக்கையைக் கணக்கிடும் நிரலில் இந்நான்காம் நிலை நேரடியாகப் பாதிப்பை உண்டாக்கும். இரண்டாம் சோதனையில் கண்ட இரு அணிகளும் திறவுகோல்களானால், இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகக் கூட்டப்பட்டுவிடும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் எழாது, தவறான எண் அட்டவணையில் இடம்பெறும். இதைத் தவிர்க்க ‘மேப்’ அமைப்பைப் பயன்படுத்தினால் எதிர்மாறான சிக்கல் தோன்றும். உள்ளடக்கம் ஒன்றாக இருப்பினும் தனித்தனியே உருவாக்கப்பட்ட இரு அணிகளை ‘மேப்’ இரு வேறு திறவுகோல்களாகவே கொள்ளும்.

பாடவேறுபாட்டுப் பதிவில் ஏற்படும் இழப்பு

ஒரு பாடலடியின் குறிப்பிட்ட இடத்தில் மூன்று சுவடிகள் தரும் பாடங்களை ஓர் அணியில் பதிவதாகக் கொள்வோம். ஒரு சுவடியில் அவ்விடம் செல்லரித்துப் படிக்க இயலாதிருந்தால் ‘நல்’ எனவும், மற்றொரு சுவடியில் அச்சொல்லே எழுதப்படாதிருந்தால் வெற்றுச் சரம் எனவும் குறிப்பது பொருத்தமான முறையாகும். முன்னது சான்று அழிந்த நிலை. பின்னது சொல் விடுபட்டமைக்கான சான்று. பதிப்பாசிரியர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ள முடியாது. ஆனால் அணி சரமாகியதும் இரண்டும் அடுத்தடுத்த காற்புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெறுமையாகிவிடுகின்றன. இங்கு இழக்கப்படுவது மூலபாட ஆய்வுக்குரிய ஒரு சான்று.

பிற மொழிகளின் அணுகுமுறை

பைதான் மொழி பட்டியலைச் சரமாக்கும்போது சதுர அடைப்புக்குறிகளையும் மேற்கோள்குறிகளையும் காக்கிறது. எனவே மேற்கண்ட குழப்பங்களுள் பல அங்கு எழுவதில்லை. பிஎச்பி மொழியில் எந்த அணியைச் சரமாக்கினாலும் ‘அர்ரே’ என்னும் ஒரே சொல் கிடைக்கிறது. இழப்பு முழுமையானது எனினும் மொழி அதனை மறைப்பதில்லை: 5.4ஆம் பதிப்பு முதல் குறிப்பும், 8.0ஆம் பதிப்பு முதல் எச்சரிக்கையும் எழுப்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் வெளியீடோ பார்வைக்குச் சரியானதாகத் தோன்றுகிறது. அதனாலேயே பிழை நெடுநாள் மறைந்திருக்க இடமுண்டு.

சோதனை எழுதும் முறை

இத்தகைய நிரலைச் சோதிப்போர் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம்.

முதல் நெறி, எதிர்பார்க்கும் விடையையும் கிடைத்த விடையையும் சரமாக்கி ஒப்பிடாமை. ஈருறுப்பு அணியை எதிர்பார்க்கும் இடத்தில் நிரல் ஓருறுப்பு அணியைத் தந்தாலும், சரங்கள் ஒத்திருப்பின் சோதனை வெற்றி என்றே அறிவிக்கும். நோட் சூழலில் உள்ள ‘டீப் ஸ்ட்ரிக்ட் ஈக்வல்’ போன்ற ஆழ்நிலை ஒப்பீடு, உறுப்புகளின் எண்ணிக்கை, வகை, அடுக்கு ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிடும்.

இரண்டாம் நெறி, மீள்மாற்றச் சோதனை. அணியைச் சரமாக்கி, அச்சரத்தை மீண்டும் அணியாக்கி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஜேசன் வடிவம் ஐந்து சோதனைகளில் கண்ட வேறுபாடுகளையும் காக்கிறது. எனினும் அதுவும் குறையற்றதன்று. ‘அன்டிஃபைன்ட்’ உறுப்பும், எண்ணல்லாமையைக் குறிக்கும் ‘நான்’ என்னும் மதிப்பும் அதில் ‘நல்’ ஆகின்றன. நாள்களைக் குறிக்கும் பொருள்கள் சரங்களாகின்றன.

மூன்றாம் நெறி, உள்ளீடுகளை இணை இணையாகத் தேர்தல். "இவ்வுள்ளீட்டிற்கு இவ்விடை வருகிறதா?" என்று வினவுவதோடு, "வேறுபட்ட இவ்விரு உள்ளீடுகளுக்கும் வேறுபட்ட விடைகள் வருகின்றனவா?" என்றும் வினவ வேண்டும். காற்புள்ளி, வெறுமை, அடுக்கு, வகை ஆகியவற்றில் மட்டும் வேறுபடும் இணைகள் இதற்கு ஏற்றவை.

முடிவுரை

ஜாவாஸ்கிரிப்ட் அணியின் சரவடிவம் திரையில் விரைவாகப் பார்த்துக்கொள்வதற்கு உரியது. தரவைச் சேமிக்கவோ ஒப்பிடவோ எண்ணவோ உரியதன்று. உறுப்புகளின் எல்லை, வகை, வெறுமையின் தன்மை ஆகிய மூன்றும் அம்மாற்றத்தில் அழியக்கூடும். நிரலின் வழியே பெற்ற எண்ணிக்கையையோ அட்டவணையையோ ஆய்வேட்டில் சான்றாக வைப்போர், மேற்கண்ட இணைச் சோதனைகளைத் தம் தரவின் மீது முதலில் நிகழ்த்திப் பார்த்தல் வேண்டும்.