தூண்டில் முள்ளின் தேர்வு
ஐப்பசி, கார்த்திகை மழையில் காரியாபட்டிப் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பி, விராலும் கெளுத்தியும் கெண்டையும் பெருகும் காலத்தில், கரையோரம் தூண்டிலுடன் அமர்வோர் கம்பையும் நரம்பையும் விசாரிப்பதற்கு முன்பே முள்ளை விசாரிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கெண்டையின் வாய் சிறியதாதலால், மண்புழுத் துணுக்கிலோ மாவுருண்டையிலோ மறையக்கூடிய நுண்ணிய முள்ளே அதற்கு ஏற்றது. விராலோ அகன்ற வாயும் கூரிய பற்களும் உடையது. தவளையையோ சிறுமீனையோ கவ்வ வரும் அதன் வேகத்துக்குத் தடித்த கம்பியாலான பெரிய முள் இல்லையேல், முள் நிமிர்ந்து மீன் தப்பிவிடும். கடையில் கேட்கும்போது ஒரு விசேஷத்தை நினைவில் கொள்ள வேண்டும்: 16-ஆம் எண் முள் 8-ஆம் எண்ணைவிடச் சிறியது.

நீலகிரியில், 1907-இல் அவலாஞ்சியில் ஏற்பட்ட பொரிப்பகத்தின் பயனாய் ஓடைகளில் பெருகிய டிரவுட் மீனுக்கு, இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் புனைந்த செயற்கை ஈயை வீசுவார்கள். மிதக்க வேண்டிய ஈக்கு மெல்லிய கம்பி முள்ளும், அமிழ வேண்டியதற்குக் கனத்த முள்ளும் அவசியம். எம்முள்ளாயினும், நுனியை நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பார்க்கையில் வழுக்கினால் அது மழுங்கியது. சிறுமீனைத் திரும்ப நீரில் விட எண்ணுவோர், நுனிக்கு உட்புறமுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், வாய் அதிகம் கிழியாமல் கழற்றிவிடலாம்.