யார் ஏறி இறங்குவது?

டாக்டர் "தினமும் நடங்க" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வந்து ஷூ வாங்குகிறோம். மாதம் திரும்புவதற்குள் அது செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். முடியவில்லை. டீ வரட்டும், நிதானமாகப் பேசலாம்.

முதலில் லண்டனுக்கு ஒரு நடை போய் வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்த ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரின் கண்ணில் பட்டது அந்த ஊர் மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அதே பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். 1953-ல் லான்செட் இதழில் மாரிஸ் குழுவின் முடிவு வந்தது: கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. "குண்டானவர்களே டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாமே?" என்று கேள்வி வராமல் இருக்குமா? மாரிஸ் யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பளவுக் கணக்கையே வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெருத்துத்தான் இருந்தது. ஆனால் ஒல்லி, பருமன் என்று பிரித்துப் பார்த்தபோதும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு.

அந்தக் கண்டக்டர் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்யவில்லை. வேலையைப் பார்த்தார், உடம்புக்கு வேண்டியது வேலையோடு வேலையாகக் கிடைத்தது. ஒரு நகரமும் அந்த மாடி பஸ் மாதிரி இருக்கலாம். ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று போய் வருவதிலேயே நடை சேர்ந்துவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. நாளுக்கு வகுத்தால் இருபத்தோரு நிமிடம் சொச்சம். கார் தேசமான அமெரிக்காவில், பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் ஸ்டாப்புக்கும் ஸ்டேஷனுக்கும் நடப்பது எவ்வளவு என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. நடுத்தர அளவாக, நாளுக்கு 19 நிமிடம். டாக்டர் கேட்டதில் பெரும்பகுதி பஸ் பிடிப்பதிலேயே முடிந்துவிட்டது! ஸ்கூட்டரில் அந்த நடை கிடையாது. வீட்டு வாசலில் ஏறினால் ஆபீஸ் வாசலில் இறங்குகிறோம். அதனால் பஸ்களைக் கூட்டுவதும் ஒரு சுகாதாரத் திட்டம்தான். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதை இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். ஆனால் முக்கால் மணி நேரம் காத்திருந்தும் பஸ் வராவிட்டால் இலவசம் என்றாலும் யார் நிற்பார்கள்?

அடுத்தது தூரம். சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி வீடும் கடையும் கோயிலும் பின்னிக் கிடக்கின்றன. மல்லிப்பூ வாங்க யாரும் வண்டியை எடுப்பதில்லை. ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்குமாடி வளாகங்களில் நிலைமை வேறு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்புறமே மளிகைக் கடை இருக்கும், கேட்டோ இந்தப்புறம். சுற்றிக்கொண்டு போவதற்குச் சாவியை எடுப்பதே மேல் என்று தோன்றிவிடும். மனை பிரிக்கும்போது தெருக்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும், குடியிருப்புக்குள் கடைக்கும் இடம் வேண்டும் என்று திட்ட அனுமதியிலேயே பார்த்துக்கொண்டால் பாதிக் காரியம் முடிந்தது.

மீதிக் காரியம் பிளாட்பாரத்தில் இருக்கிறது. இந்தியச் சாலைகள் மாமன்றத்தின் நெறிமுறை என்ன சொல்கிறது? குடியிருப்புத் தெருவில்கூட நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இப்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு முழம் உயரத்துக்குப் பிளாட்பாரம். ஏறினால் நாலு எட்டில் ஒரு வீட்டு கேட். காருக்காக அங்கே பிளாட்பாரத்தை வெட்டிச் சரித்திருப்பார்கள். இறங்கி, மறுபடி ஏறினால் மின்வாரியப் பெட்டி. அதைச் சுற்றினால் நிறுத்தி வைத்த பைக். மூட்டுவலிக்காரப் பாட்டி இரண்டாவது கேட்டிலேயே ரோட்டில் இறங்கிவிடுவார்.

சரியாகப் போட்ட நடைபாதை கேட் வந்தாலும் ஒரே மட்டத்தில் போகும். கார்தான் சின்னச் சரிவில் ஏறி, வேகம் குறைத்து, அதைக் கடந்து உள்ளே போக வேண்டும். கொள்கை என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: ஏறி இறங்க வேண்டியது யார், பாட்டியா, காரா?

"கண்டக்டர் படி ஏறினது நல்லதுன்னா, பாட்டியும் ஏறட்டுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்டக்டருக்கு வேறு வழியில்லை, ஏறித்தான் ஆக வேண்டும். நமக்கு ஆட்டோ இருக்கிறது; அதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம். இடைஞ்சல் கூடினால் நடை கூடாது, நின்றுபோகும். பெரிய சாலைகளில் தரையோடு கடக்க வழி தராமல் படிக்கட்டு மேம்பாலம் கட்டினாலும் இதே கதிதான். பாலம் மேலே காலியாகக் கிடக்கும். கீழே ஜனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீடியனைத் தாண்டும்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. சென்னை மாநகராட்சி 2014-லேயே, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குழந்தைகளோடு சாவகாசமாக நடக்கும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் வந்தன. நல்லவைதான். ஆனால் பாண்டி பஜார் ஷாப்பிங் போகும் நாளுக்கு. எட்டு கிலோமீட்டர் பாதை, விடியற்காலையில் நேரம் வாய்த்தவர்களுக்கு. காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு நடை கிடைக்கக்கூடிய ஒரே இடம் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்குமான தெரு. செலவும் கவனமும் முதலில் போக வேண்டியது அங்கே.

அடுத்த முறை ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் பூங்காவில் ஜிம் வேண்டும் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாப் போவதற்குள் ஒருவர் எத்தனை தடவை பிளாட்பாரத்தை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது? நீங்களே ஒரு நாள் நடந்து எண்ணி, எழுதிக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். 'சாலை மேம்பாடு' என்று பொதுவாகக் கேட்டால் தார் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த கேட், இந்தப் பெட்டி, இந்தப் பள்ளம் என்று இடம் சொல்லிக் கேட்டால், செய்தார்களா இல்லையா என்று மறு கூட்டத்தில் விரல் நீட்டிக் கேட்கலாம்.