கட்டிலருகே கேஸ் சொன்ன காலம்

மருத்துவ மாணவருக்குச் சபைக்கூச்சம் மேடையில் வருவதில்லை. பொது வார்டில், இரும்புக் கட்டிலின் பக்கத்தில், யூனிட் தலைவரான சீஃப் வந்து நிற்கும்போது வருகிறது.

ஒரு தலைமுறைக்கு முன்பு அரசு மருத்துவக் கல்லூரிகளில், நோயாளியிடம் தமிழில் கேட்டறிந்ததை மாணவர் நின்றபடி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். “மாடி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது” என்று நோயாளி சொல்லியிருப்பார். சொல்ல வந்தவருக்கும் அந்த நேரத்தில் அதே இரண்டு தொல்லைகளும் இருக்கும். தாளைப் பார்த்தால் திட்டு. தயங்கினால் அடுத்தவரை நோக்கி விரல் நீளும். தமிழ்வழியில் படித்து வந்தவர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருப்பார், வாக்கியம்தான் வராது. விடை தெரியாதவரையும் ஆங்கிலம் வராதவரையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அன்று அரிது. இந்தப் பேச்சு முழுவதும் தன் உடலைப் பற்றியது என்று அறிந்தும், ஒரு சொல்லும் விளங்காமல் நோயாளி படுத்திருப்பார். அவரிடம் யாரும் அனுமதி கேட்டதாகவும் நினைவில்லை.

இன்று நிலைமை வேறு. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், சேர்ந்ததும் அடித்தளப் பயிற்சி தருகிறது. மொழிப் பயிற்சியும் அதில் உண்டு. நோயாளியிடம் பேசும் முறை ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. 1975-இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் வகுத்த ‘ஆஸ்கி’ என்ற மருத்துவச் செயல்முறைத் தேர்வில், வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்வதற்கும் மதிப்பெண் இருக்கலாம். தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமான பின், வாக்கியம் வராதவர் வகுப்பில் தனியாள் இல்லை. பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதைக் கற்பித்தல் என்று சொல்ல ஆசிரியர்களே இப்போது கூசுகிறார்கள். இவையெல்லாம் சிறிய லாபங்கள் அல்ல.

ஆனால் பழைய முறையில் ஒன்று இருந்தது: தப்பிக்க முடியாது. ஒரு யூனிட்டில் ஏழெட்டுப் பேர் என்றால் முறை திரும்பத் திரும்ப வரும். பத்தாவது தடவை சொல்லும்போது குரல் தானாக நிலைத்துவிடும். பயத்தை யாரும் போக்கவில்லை, அதுவே தேய்ந்தது. (தேயாமலே ஒதுங்கிப்போனவர்களும் உண்டு, அவர்கள் கதையைக் கேட்க ஆளில்லை.) இன்று சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள். பல கல்லூரிகளில் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்கையில், பின்வரிசையில் இருப்பவர் வாய் திறக்காமலே போஸ்டிங்கை முடித்துவிடலாம். கேஸ் ஷீட் நண்பரின் செல்பேசியிலிருந்து வந்துவிடும். செமினாரில் திரை இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், பேசுபவரை அல்ல.

இறுதியாண்டு ‘லாங் கேஸ்’ மட்டும் பெரிதாக மாறவில்லை. நோயாளியுடன் முக்கால் மணி நேரம் போலத் தனியே இருந்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன் நின்று பேசியே ஆக வேண்டும். அன்று காலை, படபடப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது என்று அவர்களே இரண்டாம் ஆண்டில் படித்ததுதான்.

இருபது பேரை நான்கு குழுவாகப் பிரித்தால் எல்லோருக்கும் முறை வந்துவிடும். நான்கு கட்டிலருகே நின்று கேட்பதற்கு நான்கு ஆசிரியர்கள் வேண்டும்.